ஆலை மூடிய ஊரில் பிறந்த பாட்டு



புத்தாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கோ என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன். வரலாறு எழுதுவதற்குப் பட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனாலும் எங்களுக்கு இருக்க இடம் தந்த இந்த நியூசிலாந்து மண்ணின் மூத்த குடிகளான மாவோரி மக்களின் இசை வரலாற்றைச் சில வருடங்களாகத் தேடி வாசித்து வருகிறேன். அதற்குக் காரணம் என்னோடு வேலை செய்கிற மாவோரி நண்பர்கள். இரவு வேலையில் ஒருவர் ஒரு பாட்டை எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டின் பெயர் 'பொயி ஏ'.

'பொயி' என்றால் எங்கட 'பொய்' அல்ல! கயிற்றில் கட்டிய சிறு பந்து. அதைச் சுழற்றி, கையிலும் உடம்பிலும் தட்டித் தாளம் போட்டு மாவோரிப் பெண்கள் ஆடுவார்கள். மாவோரி மக்களிடம் தோல் கட்டிய மேளம் இருக்கவில்லை. காலை நிலத்தில் உதைப்பதும், மார்பிலும் தொடையிலும் அடிப்பதும், இந்தப் பொயியுமே அவர்களின் தாளம். மரத்திலும் எலும்பிலும் செய்த 'கோவாவ்' என்ற சிறு குழல், சங்கால் செய்த 'பூத்தாத்தாரா', கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது இரையும் 'பூரேரேஹுவா' என்று பல கருவிகள் இருந்தன. 'பூத்தோரினோ' என்ற கருவியைக் குழலாகவும் ஊதலாம், எக்காளமாகவும் ஊதலாம். கூட்டுக்குள் வாழும் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டைப் பார்த்தே அதன் வடிவத்தை அமைத்தார்கள். குழலிசையின் தெய்வமான ஹினே ரௌக்கத்தௌரி அந்தப் பூச்சியின் உருவில் இருக்கிறாள் என்பது அவர்களின் நம்பிக்கை.

வெள்ளையர் வந்த பிறகு நிலம் பறிபோனது. மொழியும் அதன் பின்னாலே போகத் தொடங்கியது. 1867 இல் வந்த சுதேசிகள் பாடசாலைச் சட்டம் ஆங்கிலத்தையே படிப்பிக்கும் மொழியாக்கியது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து தாய் தகப்பன் ஆனபோது, தங்கட பிள்ளைகளும் அடி வாங்கக் கூடாது என்று வீட்டிலும் ஆங்கிலத்தையே பேசினார்கள். கருவிகளும் மெல்ல மெல்ல வாய் மூடி, நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

பழைய இசையில் புதிய இசையைக் கலப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அப்பிரானா ஙாத்தா, பரைரே தோமோவானா போன்ற தலைவர்கள் ஐரோப்பிய மெட்டுக்களை எடுத்து, அதற்கு மாவோரிச் சொற்களையும் கை அசைவுகளையும் சேர்த்தார்கள். போரில் மகனை இழந்த தாயின் துயரத்துக்காக தோமோவானா 1918 இல் ஆக்கிய 'ஏ பாரி ரா' இன்றும் பாடப்படுகிறது. அதே ஙாத்தாதான் முன்னோரின் பழம் பாடல்களை ஊர் ஊராகச் சேகரித்தார். அந்தத் தொகுப்பின் முதல் பகுதி 1928 இல் வெளிவந்தது. ஒரு கையால் புதியதைத் தொட்டவர் மறு கையால் பழையதைக் கைவிடாமல் பிடித்திருந்தார்.

இனிப் 'பொயி ஏ'க்கு வருவோம். வட தீவின் தரனாக்கிப் பகுதியில் பாற்றியா என்ற சிற்றூர். ஊருக்கே சோறு போட்டது அங்கிருந்த இறைச்சி பதனிடும் ஆலை. 1982 இல் ஆலையை மூடினார்கள். ஒரு ஆலை மூடினால் ஒரு ஊர் என்ன பாடுபடும் என்பதைத் தொழிற்சாலையில் நிற்கிற எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்த ஊர்ப் பிள்ளை டல்வேனியஸ் பிரைம். அவுஸ்திரேலியாவில் மேடைப் பாடகராக இருந்தவர். தாய் நோயில் விழுந்தபோது ஊர் திரும்பினார். தாய்மொழி தனக்குத் தெரியாதே என்ற ஏக்கம் அவருக்கு வந்தது. 1982 இல் கிழக்குக் கரையில் தொக்கோமாரு பே என்ற ஊரில் வாழ்ந்த ஙொய் பேஃபைராங்கி என்ற அம்மையாரிடம் போனார். (எங்கட அரிச்சுவடியில் சும்மா குந்தியிருக்கிற 'ங' வரிசைக்கு மாவோரி மொழியில் எவ்வளவு வேலை பாருங்கோ!) அந்த அம்மா பாடல் ஆசிரியர், மொழி ஆசிரியர். இளம் பிள்ளைகளை மாவோரியாக இருப்பதில் பெருமைப்பட வைப்பது எப்படி என்பதே இருவரின் கேள்வியும். அவர்கள் விரும்பிக் கேட்கிற இசையிலேயே மொழியைக் கொடுப்பது என்று முடிவானது. அம்மா சொல் எழுதினார். டல்வேனியஸ் மெட்டுப் போட்டார். பறக்கும் பொயியை, காட்டில் விசிறி வாலை விரித்துத் துள்ளும் குருவிக்கு ஒப்பிட்டது அந்தப் பாட்டு. இலத்திரனியல் மேளம் முழங்க, பாற்றியா மாவோரி மன்றம் பாடியது. மன்றத்தில் பலர் ஆலையில் வேலை இழந்தவர்கள்.

இசைத்தட்டுக் கம்பனிகள் கையை விரித்தன. டல்வேனியஸ் தானே ஒரு நிறுவனம் தொடங்கி வெளியிட்டார். வானொலிகளும் பெரிதாகப் போடவில்லை. இருந்தும் 1984 இல் நான்கு வாரம் தொடர்ந்து நாட்டின் முதலாம் இடத்தில் நின்றது. அந்த வருடம் நியூசிலாந்தில் ஆகக் கூடுதலாக விற்ற பாட்டும் அதுவே. முழுக்க மாவோரி மொழிப் பாட்டு! அடுத்த வருடமே ஙொய் அம்மா காலமானார். 2002 இல் டல்வேனியசும் போய்விட்டார். 2010 இல் 'போய்' என்ற திரைப்படத்தில் வந்தபோது பாட்டு மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஆலைக் கட்டடம் 2008 இல் தீப்பிடித்து எரிந்தது. பாட்டு இருக்கிறது.

பிறகு கதவு திறந்தது. 1988 இல் அப்பர் ஹட் பொசி என்ற குழு 'ஏ தூ' பாட்டில் றப் இசையோடு பழைய போர்த் தலைவர்களின் பெயர்களைக் கூவி அழைத்தது. மோவானா மனியாபோத்தோ 1991 இல் மொழியைப் படியுங்கோ என்று உயிர் எழுத்துக்களையே நடனப் பாட்டாக்கினார்.

மௌனமான குழல்களும் எழும்பின. ஹிரினி மெல்பேர்ண் என்ற மாவோரி அறிஞரும், றிச்சர்ட் நன்ஸ் என்ற வெள்ளையின ஆசிரியரும், பிறையன் ஃபிளின்ரொவ் என்ற செதுக்குக் கலைஞரும் முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு, நூதனசாலைக் கருவிகளை ஆராய்ந்து, மீண்டும் செய்து ஊதினார்கள். 1994 இல் 'தே கூ தே ஃபே' என்ற இசைத்தட்டு வந்தது. 2006 இல் அதே இசையை இன்றைய இலத்திரனியல் இசைக் கலைஞர்கள் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். முதலில் மூலம், பிறகு கலவை. இந்த ஒழுங்கைக் கவனியுங்கோ.

இன்னொன்று. ஆலை மூடிய அதே 1982 இல்தான் வெலிங்டனுக்குப் பக்கத்தில் வைனுயோமாத்தாவில் முதலாவது 'மொழிக் கூடு' திறந்தது. முதியவர்கள் குழந்தைகளோடு மாவோரி மட்டுமே பேசும் பாலர் நிலையம் அது. 1987 இல் மாவோரி அரச மொழியானது. மாவோரி மொழிப் பள்ளிக்கூடங்களும் தொடங்கின. அப்படியான பள்ளியில் படித்த இரு சகோதரர்கள்தான் பின்னர் 'ஏலியன் வெப்பன்றி' குழுவைத் தொடங்கினார்கள். 2018 இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் காதைப் பிளக்கும் மெற்றல் இசையோடு 1864 ஆம் ஆண்டுச் சண்டையும், 1863 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோன நிலமும் பாட்டாகியுள்ளன. ஐரோப்பிய மேடைகளில் அர்த்தம் தெரியாத இளைஞர்களும் அதைக் கேட்டு ஆடுகிறார்கள்.

இதை ஏன் எங்கட மலரில் எழுதுகிறேன்? எங்கட மேடையிலும் இந்த வாக்குவாதம் இருக்கு. கும்மிக்குக் கீபோட் தாளம் போட்டால் "கலாசாரம் கெட்டுது" என்று பெரியவர்கள் சொல்லுவினம். "உங்கட பாட்டு ஆருக்கு விளங்கும்" என்று பிள்ளைகள் கேட்பினம். இரண்டு பக்கமும் முழுப் பிழையும் இல்லை, முழுச் சரியும் இல்லை.

மாவோரி மக்களின் வரலாறு எனக்குச் சொல்வது இதுதான். டல்வேனியஸ் தனியே செய்திருந்தால் அது இன்னொரு ஆட்டப் பாட்டாகப் போயிருக்கும். ஙொய் அம்மா தனியே எழுதியிருந்தால் இளையவர்கள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சொல் தெரிந்த மூத்தவரிடம் தாளம் தெரிந்த இளையவர் தேடிப் போனார். மூத்தவரும் வா என்று இருத்தி எழுதிக் கொடுத்தார். கலப்பது பயப்பட வேண்டிய விடயம் அல்ல. கலப்பதற்கு எங்களிடம் சொல் மிஞ்சியிருக்கோ என்பதே பயப்பட வேண்டிய விடயம்.

ஆகவே பெற்றோரே, வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு, அருவி வெட்டுப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு எதுவானாலும் இந்தப் புத்தாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு ரெலிபோனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கோ. அர்த்தத்தையும் கேட்டு எழுதட்டும். பிறகு அவர்கள் அதற்கு எந்த மேளத்தைப் போட்டாலும் போடட்டும்.

அனைவருக்கும் என் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.