தோட்டத்துத் தொலைநோக்கி மலையேறிய வரலாறு

கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமேல், ஏறத்தாழ 4,200 அடி உயரத்தில் லிக் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 36 அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு. ஒன்று, ஆய்வகம் 1888இல் தொடங்கியபோதே நிறுவப்பட்ட லென்ஸ் தொலைநோக்கி. அன்றைக்கு உலகின் லென்ஸ் தொலைநோக்கிகளில் பெரியது அதுதான். ஆய்வகத்தின் பெயரும் புகழும் அதை ஒட்டியே வளர்ந்தன. மற்றது ஆடி பொருத்திய தொலைநோக்கி. லண்டனுக்கு மேற்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் உருவாகி, கம்பள ஆலை முதலாளி ஒருவரின் கைக்குப் போய், அவர் கொடுத்த தானமாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. சுருள் விண்மீன் மண்டலங்கள் வானில் எவ்வளவு மலிந்து கிடக்கின்றன என்று உலகத்துக்குக் காட்டியது இந்த இரண்டாவது கருவிதான். வான்நோக்கு ஆர்வலர்களின் மலரில் ஓர் அயல்நாட்டு ஆய்வகத்துக் கருவியின் வரலாறு இடம்பெற இதைவிட வேறு காரணம் வேண்டாம். கிராஸ்லி தொலைநோக்கி என்று பெயர் பெற்ற அது, பிறப்பால் நம்மவர்களின் கருவி.

அதை அமைத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன். தொழிலால் சுகாதாரப் பொறியாளர். வானியல் அவருக்குச் சம்பளம் தரவில்லை. ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் முதலில் 18 அங்குலக் கருவி ஒன்றை வைத்திருந்தார். அது போதாமல், ஆடி செய்வதில் பேர்பெற்ற ஜார்ஜ் கால்வரிடம் 36 அங்குல ஆடி ஒன்றைச் செய்து வாங்கினார். 1879இல் கருவி தயாரானது. இத்தனை கனமான குழாயை விண்மீன்களின் போக்குக்கு ஈடாக இம்மி பிசகாமல் திருப்ப வேண்டும். அதற்கு உராய்வு குறைய வேண்டும். காமன் சுழல் அச்சின் பாரத்தைப் பாதரசத்தில் மிதக்கவிட்டுத் தாங்கினார்.

அதுவரை நெபுலாக்கள் ஓவியர் கையில்தான் இருந்தன. அயர்லாந்தின் பர் ஊரில் ராஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கி வழியே பார்த்து, 1845இல் எம்51இன் சுருள் வடிவத்தை வரைந்தார். பெரிய சாதனைதான். ஆனால் ஒருவர் கண்டதை இன்னொருவர் காணவில்லை என்றால் வழக்கைத் தீர்க்க யாரும் இல்லை. உலர் ஜெலட்டின் தட்டுகள் வந்த பிறகு நிலைமை மாறியது. பழைய ஈரத் தட்டு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். உலர் தட்டையோ மணிக்கணக்காக ஒளிக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம். 1883 ஜனவரியில் காமன் ஓரியன் நெபுலாவை எடுத்த படத்தில், அதே தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தால் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன. கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை, தட்டு சேர்த்து வைக்கிறது என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது. மறு ஆண்டே ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

காமனுக்கு ஐந்து அடி ஆடிமேல் ஆசை வந்தது. 1885இல் 36 அங்குலக் கருவியை எட்வர்ட் கிராஸ்லிக்கு விற்றார். கிராஸ்லி யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரில் கம்பள ஆலை நடத்தியவர்; நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சொந்தமாக ஓர் ஆய்வகமே வைத்திருந்தார். ஆனால் ஆலைப் புகை மண்டிய ஊர் அது. வானமும் பெரும்பாலும் மூட்டம். அங்கே அந்த ஆடியின் திறமை வெளிப்பட வழியே இல்லை. 1895இல் அவர் அதைக் குவிமாடத்தோடு லிக் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டார். தாம் ஆசையாக வாங்கிய கருவி தம்மிடம் வீணாகிறது என்று உணர்ந்து, நல்ல வானம் உள்ள இடத்துக்கு அதை அனுப்பிவைக்கப் பெரிய மனது வேண்டும். கருவிக்கு அவர் பெயர் நிலைத்தது நியாயம்தான்.

இதற்கிடையே இங்கிலாந்தில் இன்னோர் ஆர்வலர் முந்திக்கொண்டார். லிவர்பூலில் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்த ஐசக் ராபர்ட்ஸ், 20 அங்குல ஆடி கொண்ட தம் தொலைநோக்கியால் 1888இல் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்தார். அதுவரை மங்கலான ஒளித்திட்டாக மட்டுமே தெரிந்த அதில், கருவைச் சுற்றி வளைந்தோடும் கைகள் பதிந்திருந்தன. ஒரு சூரிய மண்டலம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அவர் அதற்குப் பொருள் கொண்டார். அந்த விளக்கம் நிற்கவில்லை. படம் நின்றது, இன்றும் பாடநூல்களில் அதைப் பார்க்கலாம்.

லிக்கில் கிராஸ்லி தொலைநோக்கிக்கு நல்ல வரவேற்பு இல்லை. இயக்குநர் எட்வர்ட் ஹோல்டனுக்கும் ஊழியர்களுக்கும் ஏற்கெனவே இருந்த மனக்கசப்பு இந்தக் கருவியாலும் வளர்ந்தது. 1897இல் அவர் விலகினார். அந்தப் பூசலை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து இயக்குநராக வந்தவர் ஜேம்ஸ் கீலர். சனிக் கோளின் வளையங்கள் கெட்டியான தட்டு அல்ல, தனித்தனித் துகள்களே என்று 1895இல் நிறமாலை கொண்டு நிறுவியவர். பெயர்பெற்ற லென்ஸ் தொலைநோக்கியில் தமக்கென இரவுகளை ஒதுக்கிக்கொள்ள அவருக்கு முழு உரிமை இருந்தது. அவரோ யாரும் சீண்டாத கிராஸ்லியைத் தாமே எடுத்துக்கொண்டார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். குழாயின் மேல்முனைப் பக்கத்தில்தான் பிம்பம் விழும். எனவே இருட்டில் உயரமான மேடைமேல் நின்றுகொண்டே வேலை. தட்டுப் பெட்டி காமன் வகுத்த முறையில் அமைந்தது: ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திருகுகளால் தட்டையே இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். தட்டின் ஓரத்தில் சிறு கண்வில்லை. அதில் குறுக்குக் கம்பிகள். படத்துக்கு வெளியே ஒரு விண்மீனைப் பிடித்து அந்தக் கம்பிகளின் சந்திப்பில் நிறுத்துவார்கள். கடிகாரப் பொறி கொஞ்சம் பிந்தும், குழாய் தன் பாரத்தால் கொஞ்சம் வளையும், விண்மீன் கம்பியை விட்டு விலகும். உடனே திருகைத் திருப்பி அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கருவியின் குவியத் தொலைவு 17½ அடி. அப்படியென்றால் வானில் ஒரு விகலை, தட்டில் 0.026 மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமாகக் கண்ணையும் கையையும் நான்கு மணி நேரம் ஓயாமல் வைத்திருந்தால் எம்51 கிடைக்கும். அதுவும் எந்த அளவில்? முழு மண்டலமும் தட்டில் 17 மில்லிமீட்டர்தான், ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம். இன்று நம் இளைஞர்கள் வழிகாட்டிக் கேமராவைக் கணினியோடு இணைத்துவிட்டு நாற்காலியில் சாய்கிறார்கள். கணினி செய்வது அதே வேலைதான்: ஒரு விண்மீனைப் பிடித்து வை, நகர்ந்தால் திருத்து.

கீலர் தட்டுகளைக் கழுவிப் பார்த்தபோது, தாம் குறிவைத்த நெபுலாவைச் சுற்றி, எந்தப் பட்டியலிலும் இல்லாத சின்னஞ்சிறு நெபுலாக்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். ஒரு தட்டில் மட்டுமல்ல, தட்டுக்குத் தட்டு இதே காட்சி. 1888இல் டிரையர் வெளியிட்ட புதுப் பொதுப் பட்டியலில் இருந்தவை மொத்தம் 7,840. தம் தட்டுகளில் கிடைத்த எண்ணிக்கையை வானம் முழுதுக்கும் பெருக்கிய கீலர், இந்தக் கருவிக்கு எட்டக்கூடியவை மட்டும் ஏறத்தாழ 1,20,000 என்று மதிப்பிட்டார். அவற்றில் பெரும்பாலானவை சுருள்கள் என்றும் சொன்னார். அபூர்வம் என்று கருதப்பட்ட வடிவம்தான் வானத்தின் வழக்கமான வடிவம் என்று தெரியவந்தது. 1900 ஆகஸ்டில், 42 வயதில் கீலர் காலமானார். அவருடைய படங்களை ஆய்வகம் 1908இல் தனித் தொகுதியாக வெளியிட்டது.

பின்னாளில் இந்தக் கருவியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் ஹீபர் கர்ட்டிஸ். கிராஸ்லியில் எடுக்கப்பட்ட 762 நெபுலாக்கள், விண்மீன் கொத்துகளின் விவரத்தை 1918இல் வெளியிட்டார். விளிம்புப் பக்கமாகத் தெரியும் சுருள்களில் குறுக்கே ஓடும் கரிய பட்டையை அவர் கவனமாகப் பார்த்தார். நம் பால்வீதியிலும் அப்படியொரு மறைக்கும் பட்டை இருந்தால், பால்வீதியின் தளத்தில் சுருள்கள் ஏன் தென்படுவதில்லை என்ற பழைய புதிர் தீர்ந்துவிடும். அவை அங்கே இல்லாமல் இல்லை, மறைந்திருக்கின்றன. அந்தத் தட்டுகளின் பலத்தோடுதான் 1920 ஏப்ரல் 26 அன்று வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லிக்கு எதிரே நின்று, சுருள்கள் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலங்கள் என்று வாதாடினார். 1923இல் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவில் செஃபீடு விண்மீனைக் கண்டதும் வாதம் முடிவுக்கு வந்தது. பெயர் ஹப்பிளுக்குப் போனது. பாதையின் பெரும்பகுதியைப் போட்டது தோட்டத்துத் தொலைநோக்கி என்பதை நாமாவது மறக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு நெடுங்காலம் ஆர்வலர்கள் பின்தங்கினார்கள். மங்கிய ஒளியில் நேரம் ஆக ஆகப் படச்சுருளின் உணர்திறன் குன்றிவிடும். நகர விளக்குகள் வேறு. 1970களில் படச்சுருளை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்து அந்தக் குறையைப் போக்கப் பாடுபட்டார்கள். சிசிடி கேமராக்கள் வந்த பிறகே கதவு திறந்தது. பழைய தட்டு, நூறு ஒளித்துகள் விழுந்தால் ஒன்றிரண்டைப் பதித்தாலே பெரிது. இன்றைய உணரிகள் 80க்கு மேல் பிடிக்கின்றன. கிராஸ்லி ஆடியின் பரப்பில் இருபதில் ஒரு பங்கே உள்ள 20 சென்டிமீட்டர் ஆடி, கீலர் தொட்ட ஆழத்தைத் தொடுவது இதனால்தான்.

ஹாமில்டன் மலைக்குக் கீழே இருப்பது சான் ஹோசே நகரம். ஆய்வகத்தின் வானம் கெடாமல் இருக்க, அந்த நகரம் தன் தெருவிளக்குகளைச் சோடியம் விளக்குகளாக மாற்றிக்கொண்டது. அந்த ஊர்க்காரரான ஆர்வலர் ஜே கபானி, நியூ மெக்சிகோவில் தாம் வைத்திருந்த 20 அங்குலத் தொலைநோக்கியைத் தொலைவிலிருந்தே இயக்கி, டிராகோ தொகுதியில் விளிம்புப் பக்கமாகத் தெரியும் என்ஜிசி 5907ஐப் பல மணி நேரம் பதிவுசெய்தார். வானியலர் டேவிட் மார்டினெஸ் டெல்காடோவின் குழு 2008இல் வெளியிட்ட அந்தப் படத்தில், அந்த மண்டலத்தைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரிந்தன. ஒரு சிறு மண்டலத்தைப் பெரியது சிதைத்து இழுத்துக்கொண்டதன் எச்சம் அது. பெரிய ஆய்வகங்களில் ஒரே மண்டலத்துக்கு இரவு இரவாக நேரம் ஒதுக்க மாட்டார்கள். நேரம் ஒன்றுதான் ஆர்வலரின் தனிச் சொத்து, காமன் நாளிலிருந்தே.

2019இல் டிராகன்ஃபிளை குழு, கடையில் கிடைக்கும் 400 மில்லிமீட்டர் கேனான் லென்ஸ்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டிய தன் கருவியால் அதே மண்டலத்தைப் படமெடுத்தது. அவர்கள் கண்டது சுற்றிச் சுற்றி வரும் வளையங்களை அல்ல, வளைந்து நீளும் ஒரே கீற்றை. இத்தனை மங்கலான ஒளியில் பின்னணியைக் கழிக்கும் முறையில் சிறு வேறுபாடு இருந்தாலும் முடிவு மாறிவிடும். ஆகவே இரண்டாவது வளையம் உண்டா இல்லையா என்பதைத் தாமே எடுத்துப் பார்க்க விரும்பும் நம் உறுப்பினர்களுக்கு: என்ஜிசி 5907 மே மாதத் தொடக்கத்தில் நள்ளிரவையொட்டி உச்சி கடக்கும்; தமிழ்நாட்டிலிருந்து வட வானில் ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் இருக்கும். நிலவில்லாத இரவுகளைச் சேர்த்து எடுங்கள். பதப்படுத்தாத மூலப் படங்களையும் சமன்படங்களையும் ஒன்றுவிடாமல் சேமித்து வையுங்கள்.