குதிரையின் காலும் உஷாவின் நூறில் ஒரு நொடியும்

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? 1870-களில் இது பெரிய விவாதம். வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. ஓவியர்களோ கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பாய்வது போலவே வரைந்து வந்தார்கள்.

1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், பந்தயப் பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொன்றாகப் படம் விழுந்தது. கால்கள் எழும்புவது உண்மைதான். ஆனால் நீட்டியபோது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கும்போது!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குதிரை வந்த பிறகு அவர் கேமராவைத் தூக்கவில்லை. அது எங்கே வரும் என்று தெரிந்து, முன்பே தயாராக இருந்தார். விளையாட்டுப் படங்களுக்கு இன்றைக்கும் அதுதான் முதல் பாடம்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மூன்றாம் இடம் 55.41 நொடி, பி.டி.உஷா 55.42. அந்த 0.01 நொடியில் அவர் ஓடும் தூரம் சுமார் 7 செ.மீ. வெண்கலம் யாருக்கு என்று சொன்னது கண் அல்ல, போட்டோ ஃபினிஷ் படம்.

இப்போது எங்கள் தக்கலைப் பக்கத்துப் பள்ளி மைதானங்களுக்கு வருவோம். 100 மீட்டரை 12.5 நொடியில் ஓடும் மாணவன் நொடிக்கு 8 மீட்டர் போகிறான். ஷட்டர் வேகம் 1/60 நொடி என்றால், படம் பதிவதற்குள் 13 செ.மீ. நகர்ந்துவிடுவான், முகம் கலங்கிவிடும். 1/1000 என்றால் 8 மி.மீ.தான். ஆகவே வேகத்தைக் கூட்டுங்கள், முடிவுக் கோட்டில் முன்பே ஃபோகஸ் செய்யுங்கள், அவன் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்துங்கள்.

முதலில் வருபவனோடு கேமராவை இறக்கிவிடாதீர்கள். பரிசு மூன்று பேருக்குத்தான். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக அந்தப் படம் மட்டும்தான் இருக்கும். உஷாவும் அன்று நாலாவதாக வந்தவர்தானே!