கிப்லிம்

கிப்லிம் என்பது பண்டைய பினீசிய நகரமான கெபாலின் குடிமக்களைக் குறிக்க எபிரேய விவிலியத்தில் பயன்படுத்தப்பட்டுள்ள சொல் ஆகும். இந்நகரைக் கிரேக்கர்கள் பிப்லோசு என அழைத்தனர். இன்று இது லெபனான் நாட்டில், பெய்ரூத்துக்கு வடக்கே, மத்தியதரைக் கடற்கரையில் ஜுபைல் என்ற பெயரில் உள்ளது. 1984 ஆம் ஆண்டில் இது யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

சொல்லமைப்பு

எபிரேயத்தில் ஊர்ப்பெயருடன் "இ" விகுதி சேரும்போது அவ்வூரைச் சேர்ந்தவர் என்ற பொருள் கிடைக்கிறது. இவ்வாறு கெபால் என்பதிலிருந்து "கிப்லி" என்னும் ஒருமைச்சொல் பிறக்கிறது. "இம்" என்பது ஆண்பால் பன்மை விகுதி. உயிரொலிகள் மாறினாலும் க், ப், ல் ஆகிய மூன்று மெய்கள் மாறுவதில்லை. இதே மூன்று மெய்களால் எழுதப்பட்ட நகரப்பெயர், 1923 இல் அங்கு கண்டெடுக்கப்பட்ட அகிராம் மன்னனின் கல் சவப்பெட்டியிலும் காணப்படுகிறது. கி.மு. 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமர்னா மடல்களில் இந்நகர் "குப்லா" எனப்படுகிறது.

விவிலியத்தில்

* யோசுவா 13:5 - கைப்பற்றப்படாமல் எஞ்சிய நிலங்களுள் ஒன்றாகக் கிப்லியரின் நாடு கூறப்படுகிறது. இங்கு ஒருமை வடிவமே வருகிறது.
* 1 அரசர்கள் 5:18 (எபிரேய மூலத்தில் 5:32) - எருசலேம் கோவிலுக்காகச் சாலமோனின் ஆட்களுடனும் ஈராமின் ஆட்களுடனும் சேர்ந்து மரங்களையும் கற்களையும் ஆயத்தம் செய்தவர்கள் கிப்லிம்.
* எசேக்கியேல் 27:9 - தீர் நகர் ஒரு கப்பலாக உருவகிக்கப்படுகிறது. அதன் பிளவுகளை அடைப்பவர்கள் கெபாலின் முதியோரும் வல்லுநரும் ஆவர். இங்கு நகரின் பெயரே வருகிறது.

திருப்பாடல் 83 இல் வரும் கெபால் வேறு இடமாகும். அது சாக்கடலுக்குத் தெற்கே ஏதோம் பகுதியில் இருந்ததாகக் கருதப்படுகிறது.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

1611 இல் வெளியான ஆங்கில யேம்சு அரசர் பதிப்பு, 1 அரசர்கள் நூலில் வரும் கிப்லிம் என்ற சொல்லைக் "கல்லைச் சதுரமாக்குவோர்" என மொழிபெயர்த்தது. கல் வெட்டுதல் பற்றிய அப்பகுதியின் சூழலுக்கு இப்பொருள் இயல்பாகவே பொருந்தியது. ஆனால் இதனால் ஓர் ஊர் மக்களின் பெயர் தொழிற்பெயராக மாறியது; கோவில் பணியில் கெபால் நகரத்தார்க்கு இருந்த பங்கும் வாசகருக்குத் தெரியாமல் போனது. கட்டற்ற கொத்தர் சங்க மரபில் இச்சொல் கல்தச்சர் என்ற பொருளில் வழங்கியதும் இவ்விளக்கத்தை ஒட்டியதே. 1885 ஆம் ஆண்டின் திருத்திய ஆங்கிலப் பதிப்பு இதனைக் "கெபாலியர்" என மாற்றியது. பிற்காலப் பதிப்புகள் பலவும் இதனையே பின்பற்றுகின்றன.

பிப்லோசு வழியாகவே பாப்பிரசுத் தாள் கிரேக்கர்களைச் சென்றடைந்தது என்றும், நூலைக் குறிக்கும் "பிப்லியோன்" என்ற கிரேக்கச் சொல் அந்நகரின் பெயரோடு தொடர்புடையது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. அச்சொல்லின் பன்மையிலிருந்தே "பைபிள்" என்ற பெயர் தோன்றியது.

இவற்றையும் பார்க்க

* பிப்லோசு
* பினீசியா
* அமர்னா மடல்கள்