கொலையோ கைப்பிழையோ?
ஓக்லாந்துத் துப்பாக்கிச் சூட்டு வழக்கும் அதனையொட்டி எழுந்த சொற்போரும் (2009–2010)

1. முன்னுரை

ஓர் இளைஞன் இறந்தான். அவனைச் சுட்ட காவலர் இன்னார் என்பதில் எவர்க்கும் ஐயம் இல்லை. சுட்டதைக் கண்ணாற் கண்டோர் பலர்; படம்பிடித்தோரும் பலர். ஆயினும், அச்செயலுக்கு இடத்தக்க பெயர் யாது என்பது பற்றி ஒரு நகரமே இரண்டு பட்டது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து நகரில் 2009-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டின் வரலாறு இதுவே. அவ்வழக்கில் நீதிமன்றம் ஆராய்ந்த வினாவும் மக்கள் எழுப்பிய வினாவும் 'கொலை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்பெற்றன. எனினும் அவை ஒன்றல்ல. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்களின் எல்லை

இங்கிலாந்தின் பழைய சட்டம், மன்னிக்கத்தக்கனவும் நியாயமானவையும் அல்லாத ஆட்கொலை அனைத்திற்கும் தூக்குத் தண்டனையே விதித்தது. எழுத்தறிந்தோர் சமயக் குருமாரெனக் கருதப்பெற்று அத்தண்டனையினின்று தப்பும் சலுகை ஒன்றும் அங்கு இருந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயற்றப்பட்ட சட்டங்கள், முன்கருதிய தீநினைவோடு கொன்றார்க்கு அச்சலுகை இல்லை என விலக்கின. அவ்வாறு விலக்கப்பட்டது 'கொலை' எனவும், தீநினைவின்றி நிகழ்ந்து சலுகைக்கு உரியதாய் எஞ்சியது 'ஆட்கொலை' எனவும் பிரிந்து நின்றன. இவ்வேறுபாடு தொடக்கத்தில் தண்டனையைத் தணித்தற்கு எழுந்ததே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பென்சில்வேனியா மாநிலம் 1794-இல் கொலையையே முதற்படி, இரண்டாம்படி என வகுத்தது. பிற மாநிலங்களும் பின்னர் அதனைப் பின்பற்றின.

கலிபோர்னியாத் தண்டனைச் சட்டத்தின் 187-ஆம் பிரிவு கொலையையும் 192-ஆம் பிரிவு ஆட்கொலையையும் வரையறுக்கின்றன. ஆட்கொலையின் வகைகளுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. திடீர்ச் சச்சரவிலோ சினத்தின் வேகத்திலோ கொல்லுதல் ஒன்று. சட்டத்திற்கு இயைந்த செயலையே உரிய எச்சரிக்கையின்றிச் செய்து உயிர்ச்சேதம் விளைவித்தல் முதலியன மற்றொன்று. முன்னதனைக் கருதிய ஆட்கொலை எனவும், பின்னதனைக் கருதா ஆட்கொலை எனவும் ஈண்டு வழங்குவோம்.

தமிழில் இதற்கு இணையாக வழங்குவன இரண்டு. ஒன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தை (1860) ஒட்டி எழுந்த 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்னும் நீண்ட தொடர். மற்றொன்று, ஈழத்துத் தமிழ் வழக்கில் பயிலும் 'கைமோசக்கொலை' என்பது. விவிலியத் தமிழில் வரும் 'கைப்பிசகு' என்னும் சொல்லும் இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. இச்சொற்கள் குற்றத்தை மனத்தினின்று பிரித்துக் கையின்மேல் ஏற்றுகின்றன. ஆதலின் சினத்தாற் கொல்லும் வகைக்கு இவை முற்றும் பொருந்தா. கருதா வகைக்கோ மிகவும் பொருந்தும். ஓக்லாந்து வழக்கில் எதிரித் தரப்பு வாதித்ததும் கை செய்த பிழை என்பதையே ஆகும்.

3. நிகழ்ச்சி

புத்தாண்டு இரவில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பிய மின்தொடர் வண்டியில் சண்டை நிகழ்வதாகச் செய்தி வந்தது. 'பார்ட்' என்னும் இருப்புப்பாதை நிறுவனத்தின் காவலர்கள் புரூட்வேல் நிலையத்தில் வண்டியை நிறுத்திச் சில இளைஞர்களை நடைமேடையில் தடுத்து வைத்தனர். அவருள் ஒருவன் ஆஸ்கர் கிராண்ட் என்னும் 22 வயதுக் கறுப்பின இளைஞன். அவன்பால் படைக்கலம் ஏதும் இல்லை. பின்னிரவு 2 மணியளவில், அவன் முகங்குப்புறக் கிடத்தப்பட்டிருந்த நிலையில், ஜொஹானஸ் மெசர்லி என்னும் வெள்ளையினக் காவலர் தம் கைத்துப்பாக்கியை உருவி அவன் முதுகில் ஒருமுறை சுட்டார். அன்று காலையிலேயே கிராண்ட் மருத்துவமனையில் இறந்தான்.

வண்டியிலிருந்த பயணிகள் கைப்பேசிகளிலும் சிறு படக்கருவிகளிலும் இக்காட்சியைப் பதிந்திருந்தனர். அப்படங்கள் சில நாள்களில் நாடெங்கும் பரவின. காவலர் சொல்லும் சாட்சியர் சொல்லும் மாறுபடும்போது காவலர் சொல்லையே ஏற்பது நீண்டகால வழக்கம். இங்கு மக்கள் தாமே கண்டோராயினர். எனினும் படம் கையைக் காட்டிற்றேயன்றி மனத்தைக் காட்டவில்லை. ஒரே படத்தினின்று இருவேறு முடிவுகள் எழுந்தமைக்கு இதுவே காரணம்.

4. குற்றச்சாட்டும் விசாரணையும்

மெசர்லி சனவரி 7-ஆம் நாள் பதவியைத் துறந்தார். நிறுவனத்தின் உள்விசாரணைக்கு விடையளிக்கவில்லை. அன்று மாலை ஓக்லாந்தில் நிகழ்ந்த கண்டனக் கூட்டம் கலவரமாக முடிந்தது. சனவரி 13-ஆம் நாள் அவர் நெவாடா மாநிலத்தில் கைது செய்யப்பட்டார். அலமீடா மாவட்ட அரசு வழக்கறிஞர் டாம் ஆர்லாப் அவர்மீது கொலைக் குற்றமே சாட்டினார். பணியிலிருந்தபோது சுட்ட காவலர்மீது கொலைக் குற்றம் சாட்டுதல் அம்மாநிலத்தில் மிக அரிய நிகழ்ச்சியாகும்.

எதிரித் தரப்பு வழக்கறிஞர் மைக்கேல் ரெயின்ஸ் எடுத்துரைத்த வாதம் எளியது: 'டேசர்' என்னும் மின்னதிர்ச்சிக் கருவியை எடுக்க எண்ணிய மெசர்லி, துப்பாக்கியை மாறி எடுத்துவிட்டார் என்பது அது. சுட்டபின் அவர் திகைத்து நின்றதும் தலையில் கைவைத்ததும் சான்றாகக் காட்டப்பட்டன. அரசுத் தரப்பு இதனை மறுத்தது. டேசர் மஞ்சள் நிறத்தது, எடையிற் குறைந்தது, இடப்புறம் அணியப்பட்டது. துப்பாக்கியோ கரியது, கனத்தது, வலப்புறம் பூட்டுறையில் இருந்தது. இவ்விரண்டும் மயங்குதற்கு இல்லை என்றனர். 2009 சூன் திங்களில் முதனிலை விசாரணை நடத்திய நீதிபதி, சுட்டது துப்பாக்கியால் சுடும் கருத்தோடேயே எனக் கண்டு, கொலை வழக்காகவே மேலனுப்பினார்.

ஓக்லாந்தில் நடுநிலை கிட்டாது எனக் கருதி, வழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றம் மக்களிடையே பழைய அச்சத்தைக் கிளறிற்று. ராட்னி கிங்கை அடித்த காவலர் வழக்கு லாஸ் ஏஞ்சலிசினின்று சிமி பள்ளத்தாக்கிற்கு மாற்றப்பட்டு, 1992-இல் எவரும் தண்டிக்கப்படாது முடிந்ததையும், அதன்பின் மூண்ட பெருங்கலகத்தையும் அவர்கள் மறக்கவில்லை. மெசர்லி வழக்கைக் கேட்ட ஜூரிகளுள் கறுப்பினத்தார் ஒருவரும் இலர்.

5. தீர்ப்பும் தண்டனையும்

நீதிபதி ராபர்ட் பெரி, முதற்படிக் கொலைக்குச் சான்று இல்லை என விலக்கினார். இரண்டாம்படிக் கொலை, கருதிய ஆட்கொலை, கருதா ஆட்கொலை, விடுதலை ஆகிய நான்கே ஜூரிகள்முன் நின்றன. அவர்கள் 2010 சூலை 8-ஆம் நாள் கருதா ஆட்கொலை என முடிவு கூறினர். துப்பாக்கியைப் பயன்படுத்தியமைக்கான கூடுதற் குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டது என்றனர்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றோடொன்று இயையவில்லை. டேசர் என மயங்கி எடுத்தார் என்பது முதலாவதன் உட்கிடை. துப்பாக்கியை வேண்டுமென்றே பயன்படுத்தினார் என்பது இரண்டாவதன் உட்கிடை. அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் நீதிபதி, ஜூரிகளுக்குத் தாம் அறிவுறுத்திய முறையிலேயே பிழை நேர்ந்தது என ஒப்புக்கொண்டு, கூடுதற் குற்றத்தை நீக்கினார். கருதா ஆட்கொலைக்குச் சட்டம் வகுத்த 2, 3, 4 ஆண்டுகளுள் மிகக் குறைந்ததாகிய 2 ஆண்டே தண்டனையாயிற்று. கூடுதற் குற்றம் நிலைத்திருப்பின் 14 ஆண்டு வரை செல்ல இடமிருந்தது. மெசர்லி 2011 சூன் திங்களில் விடுதலையானார்.

6. மக்கள் கருத்து

தீர்ப்பின் பின் எழுந்த சொற்போரில் மூன்று நிலைகள் காணப்படும். காவலர் சார்பினர், இது பயிற்சிக் குறையால் நேர்ந்த விபத்து, குற்றமே அன்று என்றனர். சட்டநெறி பேசினோர், ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது கருதா ஆட்கொலை மட்டுமே. காவலர் ஒருவர் தண்டிக்கப்பட்டதே பெரும் மாற்றம் என்றனர். கிராண்டின் குடும்பத்தாரும் ஓக்லாந்து மக்கள் பலரும் கொலை என்னும் சொல்லையே வேண்டினர்.

மூன்றாம் நிலையினரைச் சட்டம் அறியாதார் என ஒதுக்குதல் பொருந்தாது. கறுப்புச் சிறுத்தைகள் கட்சி 1966-இல் தோன்றியது ஓக்லாந்திலேயே. காவலரைப் பின்தொடர்ந்து கண்காணித்தல் அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. அந்நகர மக்கள் அவ்வொரு நொடியை மட்டும் ஆராயவில்லை. இளைஞர்களை நடைமேடையில் இழுத்து அமர்த்தியது, இகழ்ந்துரைத்தது, குப்புறக் கிடத்தியது ஆகிய அனைத்தையும் ஒரே செயலாகக் கண்டனர். கை தவறியது ஒரு நொடியில் என்றாலும், கையை அங்குக் கொண்டுவந்த மனப்போக்கு நெடுங்காலத்தது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

பின்னர் வெளிவந்த சான்று இதற்கு ஓரளவு துணை நிற்கின்றது. நிறுவனம் 2009-இல் வெளியாரைக் கொண்டு நடத்திய விசாரணையின் அறிக்கை 2019-இல் வெளியிடப்பட்டது. உடனிருந்த மற்றொரு காவலராகிய அந்தோணி பிரோனியின் முறைகேடான நடத்தையே துப்பாக்கிச் சூட்டில் முடிந்த நிகழ்ச்சித் தொடரைத் தொடங்கிவைத்தது என அது கண்டது. டேசர் எனும் மயக்கத்தையும் ஐயுற்றது. ஆயினும் ஒருமுறை தீர்ந்த குற்றத்திற்கு மெசர்லியை மீண்டும் விசாரித்தல் இயலாது. பிரோனிமீது வழக்குத் தொடர இயலாது என மாவட்ட அரசு வழக்கறிஞர் 2021 சனவரியில் அறிவித்தார்.

அவ்வாண்டே மினசோட்டா மாநிலத்தில், டேசர் எனக் கருதித் துப்பாக்கியாற் சுட்டதாகக் கூறிய கிம் பாட்டர் என்னும் காவலர் ஆட்கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அங்கும் கொலைக் குற்றம் சாட்டுமாறு மக்கள் வேண்டினர். அங்கும் தண்டனை 2 ஆண்டே.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது. கொலைக்கும் ஆட்கொலைக்கும் இடையே சட்டம் இட்ட எல்லை, செய்தவன் மனத்தைச் செயல் நிகழ்ந்த வேளையில் வைத்து அளப்பது. அவ்வெல்லை தேவையானதே, அஃது இன்றேல் தவறியவனும் தீயவனும் ஒரே தூக்குமரத்தில் தொங்குவர். ஆயின், ஓர் அமைப்பின் நெடுநாட் பழக்கத்தை அளத்தற்கு அக்கோல் போதாது. ஓக்லாந்து மக்கள் 'கொலை' என்றபோது அமைப்பின் குற்றத்தையும் சேர்த்தே சொன்னார்கள். நீதிமன்றம் 'ஆட்கொலை' என்றபோது ஒருவர் கையைப் பற்றி மட்டுமே சொன்னது. 2010 சூலைத் திங்களில் அவ்விருப்புப்பாதைக் காவற்படையைக் கண்காணித்தற்கு மாநிலம் தனிச்சட்டம் இயற்றியமை, மக்கள் எழுப்பிய வினாவிற்கு விடை குற்றவியல் நீதிமன்றத்திற்கு வெளியே தேடப்பட வேண்டும் என்பதை உணர்ந்ததன் அறிகுறி எனலாம். தீர்ப்புகளைக் கொண்டு வரலாறு எழுதுவோர், தீர்ப்பில் ஏறிய சொல்லோடு ஏறாது நின்ற சொல்லையும் ஆராய்தல் வேண்டும்.