பி.எஸ்சி. வேதியியல்: பட்டியலின மாணவருக்கு இப்பட்டத்தின் பொருளாதார மதிப்பு என்ன?

ஒரு பட்டத்தின் பண மதிப்பைக் கணக்கிடுவோர் வழக்கமாகச் செலுத்தும் கட்டணத்தையும் பெறப்போகும் ஊதியத்தையும் மட்டுமே பார்க்கின்றனர். தலித் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு இக்கணக்கு போதாது. படிக்கும் காலத்தில் இழக்கும் கூலி, சட்டப்படி சேர வேண்டிய உதவி, வேலைச் சந்தையில் சாதியால் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாகக் கற்பிக்கப்படும் பி.எஸ்சி. வேதியியலை எடுத்துக்கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

உண்மையான செலவு

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தின்படி, ஆண்டுக் குடும்ப வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியலின மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இச்செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கும் இவ்வுரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு அரசின் 2012-ஆம் ஆண்டு அரசாணை எண் 92 உறுதிசெய்தது. இளங்கலை அறிவியல் மாணவருக்கு, கட்டணம் நீங்கலாக, விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் வீட்டிலிருந்து சென்றுவந்தால் 3,000 ரூபாயும் கல்விப்படியாக வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்றவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

விடுதி மாணவர் ஒருவருக்கு இவை மூன்று ஆண்டுகளில் 54,000 ரூபாய் ஆகும். அதே மாணவர் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதம் 20 நாள் வேலைக்குச் சென்றிருந்தால் 3,60,000 ரூபாய் ஈட்டியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். ஆக, கட்டணம் முழுவதையும் அரசே ஏற்றாலும் குடும்பத்தின் மீது 3,06,000 ரூபாய் சுமை விழுகிறது. ‘இலவசக் கல்வி’ என்ற சொல் மறைப்பது இந்தத் தொகையைத்தான்.

சந்தையில் பட்டத்தின் விலை

மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்கள், சாய ஆலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகள், நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் ஆகியவை வேதியியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கின்றன. இளங்கலையோடு நிற்பவருக்கு இங்கே பெரும்பாலும் அன்றாடப் பரிசோதனைப் பணிகளே கிடைக்கின்றன. ஆய்வுப் பொறுப்புகளுக்கு முதுகலையோ முனைவர் பட்டமோ கேட்கப்படுகிறது.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சமமான தகுதி கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித் பெயர் கொண்டவை அழைப்புப் பெறும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயர் கொண்டவற்றைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஒரே பட்டத்திற்குச் சந்தை இரண்டு விலை வைக்கிறது.

மதிப்பு உயரும் வழிகள்

ஆகவே பொதுத் துறையை நோக்கிய வழிகளே இப்பட்டத்தின் மதிப்பைக் கணிசமாக உயர்த்துகின்றன. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. பயில ஜாம் தேர்வு எழுத வேண்டும். அதில் பட்டியலினத்தவருக்கு 15 விழுக்காடு இடங்கள் உண்டு. முதுகலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், 2023 முதல் நடைமுறையில் உள்ள வீதப்படி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். ஓராண்டுக்கு 4,44,000 ரூபாய். இளங்கலையின் மூன்று ஆண்டுச் சுமையை இது ஒரே ஆண்டில் ஈடுகட்டும். முதுகலையின் இரண்டு ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்தால் கூடுதல் காலம் ஆகும். பட்டியலின ஆய்வாளர்களுக்கெனத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் தனியே உள்ளது. அதில் ஆண்டுக்கு 2,000 இடங்கள்.

பி.எட். முடித்தால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட அரசுப் பணித் தேர்வுகளும் திறந்திருக்கின்றன. மாநிலப் பணிகளில் பட்டியலினத்தவருக்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அருந்ததியருக்கான 3 விழுக்காடு அதில் அடங்கும்.

மதிப்பைப் பறிக்கும் தடை

உதவித்தொகை தாமதமாகும்போது, கட்டண நிலுவையைக் காரணம் காட்டிச் சான்றிதழ்களைத் தர மறுக்கும் கல்லூரிகள் உள்ளன. சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் மேற்படிப்பும் வேலையும் கைநழுவும். மூன்றாண்டு உழைப்பின் பண மதிப்பு பூச்சியமாகிவிடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளன்று; ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவைக் காட்டி அதன்மீது பிடிப்புரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது. எனவே, எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்று, பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். பயனில்லையெனில் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்யலாம்.

வேதியியல் வேண்டாம் என்பது இக்கணக்கின் முடிவன்று. இளங்கலையோடு நின்றுவிட்டால் வரவு குறைவு. அடுத்த தேர்வை முதலாம் ஆண்டிலேயே தீர்மானித்துக்கொண்டால் வரவு அதிகம். இழக்கும் கூலியை ஈடுசெய்யாத உதவித்தொகை, பாதிப் படிப்பில் மாணவரைக் கூலி வேலைக்குத் திருப்பி அனுப்பக்கூடும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்ற படியை உயர்த்தவும், அதை உரிய காலத்தில் வழங்கவும் கோருவது மாணவர் இயக்கங்களின் முதன்மைக் கோரிக்கையாக வேண்டும்.