கடல் தாண்டி ஓதப் போனவர்களின் முதல் நாள்



நம் ஊர்களின் மூத்த ஆலிம்களுடைய பெயருக்குப் பின்னால் பாகவி, உமரி, காஸிமி, நத்வி என்று ஒரு சொல் ஒட்டியிருப்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அது குடும்பப் பெயர் என்று நினைக்கும் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். உண்மையில் அது அவர்கள் ஓதிய இடத்தின் முத்திரை. பாகவி என்றால் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத். உமரி என்றால் ஆம்பூருக்குப் பக்கத்தில் 1924இல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம். காஸிமி தேவ்பந்தையும் நத்வி லக்னோ நத்வதுல் உலமாவையும் குறிக்கும்.

இங்கே மத்ரஸா இல்லாமல் அவர்கள் போகவில்லை. வெலிகமை பாரி 1884லேயே வந்துவிட்டது. மஹரகம கபூரிய்யா 1931இல் வந்தது. ஆனாலும் மேலே ஓத வேண்டுமென்றால் பல வாப்பாமாரின் கண் வேலூர்ப் பக்கமே திரும்பியது. ஆங்கிலக் கல்வி தேடியவர்கள் அலிகார் வரை போனார்கள். 1960இலும் 1970இலும் கல்வி அமைச்சரான பதியுதீன் மஹ்மூத் அங்கு படித்தவர்தான்.

அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி இலகுவானது. கொழும்புக் கோட்டையில் இரவுக் கோச்சி ஏறினால் விடியும்போது தலைமன்னார் இறங்குதுறை. அங்கிருந்து கப்பலில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய, எதிர்க்கரையில் தனுஷ்கோடி. ரயில் கப்பலின் வாசலுக்கே வந்து நிற்கும். இதே வழியில் எதிர்த்திசையில்தான் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் நம் நாட்டுக்கு வந்தார்கள். ஒருபக்கம் கூலிக்கு வந்தவர்கள், மறுபக்கம் கித்தாபுக்குப் போனவர்கள். இரண்டு கூட்டத்தையும் சுமந்தது ஒரே கப்பல்.

விழுப்புரத்தில் மாறி வேலூரில் இறங்கும் பிள்ளைக்கு முதலில் திகைப்பூட்டியது மண்தான். மரமில்லாத பாறை மலைகள். பாலாறு என்ற பெயரைக் கேட்டு மகாவலி மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் தோல் பதனிடும் வாடை மூக்கைத் துளைக்கும். தேங்காய்ப்பாலும் மாசிச் சம்பலும் தின்று வளர்ந்த நாக்குக்குக் கடலை எண்ணெய்க் கறி பழக மாதக்கணக்காகும்.

அடுத்தது பேச்சு. தமிழ்நாட்டுக்குத்தானே போகிறோம், பேச்சுக்கு என்ன கஷ்டம் என்று போனவர்கள், அந்தப் பக்கத்து முஸ்லிம் தெருக்களில் உருது பேசுவதைக் கேட்டு விழித்தார்கள். தமிழ் பேசுகிறவர்களோடும் சிக்கல்தான். "கொஞ்சம் கதைக்கணும்" என்று நம் பிள்ளை சொன்னால், கதை சொல்லப் போகிறான் என்று அவர்கள் காத்திருப்பார்கள்.

ஆனால் ஆழமான அதிர்ச்சி பள்ளிவாசலில்தான் இருந்தது. நாம் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் நம்மைப் போலவே. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்திலோ பெரும்பாலும் ஹனபி. நம் ஊரில் அஸர் தொழுது முடித்திருக்கும் நேரத்தில் அங்கே இன்னும் பாங்கே சொல்லவில்லை. நிழல் இரண்டு மடங்காகும் வரை அவர்கள் காத்திருப்பார்கள். அப்படி ஓதி வந்த ஒரு பெரியவர் தம் முதல் சுபஹைப் பற்றி எங்களிடம் சொன்னதுண்டு. இரண்டாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்து குனூத்துக்காகக் கையை உயர்த்தினாராம். சுற்றிப் பார்த்தால் முழு ஸப்பும் ஸுஜூதில் கிடக்கிறது. இவர் மட்டும் தனியே நிற்கிறார். தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்தவர் கோபிக்கவில்லை. "சிலோனா?" என்று மட்டும் கேட்டுச் சிரித்தாராம்.

அந்தச் சிரிப்புதான் தமக்குக் கிடைத்த முதல் பாடம் என்றார் அந்தப் பெரியவர். பிக்ஹ் கித்தாபில் இமாம்களின் கருத்து வேறுபாடுகளை ஓத முன்னரே, அந்த வேறுபாட்டுக்குள் நின்று தொழுதவர்கள் அவர்கள். தன் வழியை விடாமல், அடுத்தவனின் வழியையும் பிழை என்று சொல்லாமல், ஒரே ஸப்பில் வருடக்கணக்காக நின்றார்கள். ஊருக்குத் திரும்பியபோது சனதுடன் இந்தப் பக்குவத்தையும் கொண்டு வந்தார்கள். குனூத்துக்காகவும் விரல் அசைப்பதற்காகவும் நம் ஊர்களில் பள்ளிகள் பிரிந்ததையும் குடும்பங்கள் பேச்சை நிறுத்தியதையும் பார்த்த நமக்கு, அவர்கள் கொண்டு வந்ததன் பெறுமதி இப்போதுதான் விளங்குகிறது.

அந்தப் பாதை நிலைக்கவில்லை. 1948க்குப் பிறகு பக்கத்து வீடு வெளிநாடாகி, கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டு போனது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தோடு நின்றது. 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா தொடங்கியது. அரபு நாடுகளின் புலமைப்பரிசில்களும் வந்தன. பிள்ளைகள் வேறு திசைகளுக்குப் பறந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கவலை. பாலம் கடந்து போன தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். இவர்களின் வரலாறு நம் பாடப்புத்தகத்தில் இல்லை. இருப்பது வீட்டு அலுமாரிகளில்: அரபுத்தமிழில் எழுதிய கடிதம், ஓரத்தில் குறிப்பெழுதிய கித்தாபு, மங்கிப்போன சனது. மையித்து வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் எரிக்கப்படுவது இவைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, பெரியப்பா யாராவது அங்கு ஓதியிருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். "முதல் நாள் என்ன கண்டீங்க?" என்று கேட்டு, சொல்வதைப் பதிந்து வையுங்கள். பழைய தாள் எதையும் எரிக்க முன்னர் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள். படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.

கடல் தாண்டிப் போய் நமக்காக ஓதி வந்த அத்தனை பேரின் கப்றுகளையும் அல்லாஹ் ஒளியாக்குவானாக. ஆமீன்.