வளைக்குள் கையிடுபவன்

சங்கரன்கோவில் என்றதும் சிலருக்கு ஆடித்தபசு நினைவுக்கு வரும். எனக்குப் புற்றுமண்தான் நினைவுக்கு வருகிறது. சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வழக்காடிய தலம் அது. வீட்டில் பாம்போ தேளோ தென்பட்டால், அதன் உருவம் பொறித்த தகட்டை வாங்கி அங்கே காணிக்கை செலுத்துவது நெல்லைச் சீமை வழக்கம். மண்ணுக்குள் வாழும் பிராணியோடு மனிதன் செய்துகொண்ட உடன்படிக்கை அது. "நீ உன் வளையில் இரு, நான் என் வீட்டில் இருக்கிறேன்!"

ஆனால் எலி எந்த உடன்படிக்கைக்கும் கட்டுப்படாது. கதிர் முற்றும் நாளில் இரவோடிரவாகத் தாளைக் கடித்துச் சாய்த்து, கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்த்துவிடும். வரப்பைக் குடைந்து நீரையும் ஒழுகவிடும். இதற்காகத் தஞ்சைப் பக்கத்தில் மூங்கிலை வில்லாக வளைத்துக் கிட்டி வைத்தார்கள். செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்திலோ இருளரைக் கூப்பிட்டார்கள்.

இருளர் வேலை செய்யும் விதம் அலாதியானது. வாயிலில் புதுமண் தள்ளியிருக்கிறதா என்று பார்த்தே வளையில் குடியிருப்பு உண்டா, இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மற்ற வாயில்களையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் மண்பானையின் வாயைப் பொருத்துவார்கள். பானைக்குள் வைக்கோல் புகையும். அடியிலுள்ள சிறு துளையில் வாய் வைத்து ஊதினால் புகை வளைக்குள் பாயும். பிறகு தோண்டுவதுதான் பாக்கி. எலி கறிக்கு ஆகும்; எலி பதுக்கிய நெல்லும் கிடைக்கும். நம் களத்துக்கு வரவேண்டிய நெல்லை எலி திருடியது; அந்தத் திருட்டுப் பொருளே காவலனுக்குக் கூலியாயிற்று!

ஊதி ஊதி உதடு வெந்தது; புகை நெஞ்சில் தங்கியது. கையால் சுழற்றிப் புகையைச் செலுத்தும் எஃகுக் கருவி ஒன்றைச் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2003-இல் உலக வங்கியின் பரிசைப் பெற்றது. பானையை ஊதிய தலைமுறைகளுக்கு அது காலங்கடந்த ஆறுதல்தான்.

எலி வளையைத் தேடிப் பாம்பும் வரும். ஆகவே இருளர் பாம்பையும் அறிந்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பாம்புத்தோல் வாணிபத்தால் பிழைத்த குடும்பங்கள் வழியற்றுப் போயின. 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருது இருவருக்கு, மற்றவர்கள்? எலிக்கு இன்று கடையில் நஞ்சு கிடைக்கிறது. அதைத் தூவ எந்த ஞானமும் வேண்டாம். தூவிய நஞ்சுக்கு எலி எது, வளர்ப்புக் கோழி எது என்ற பேதமும் தெரியாது. வளையின் வாயிலைப் பார்த்து உள்ளே இருப்பது யார் என்று அறிந்த மனிதனோ, தான் யார் என்று காட்டும் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகப் படிகளில் காத்துக் கிடக்கவேண்டியிருந்தது. வயலில் ஒரு பார்வையில் அவன் முடித்துவைத்த காரியத்துக்கு, நாம் அவனை எத்தனை முறை "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பியிருப்போம்!